“இலாபத்தில் பத்து வீதம்” என்றால் எந்த இலாபம்?

கேள்வி: முல்லைத்தீவைச் சேர்ந்த இயக்குநர் நான். கொழும்பிலுள்ள தயாரிப்பு நிறுவனமொன்றுக்காகப் படமொன்றை எடுத்து முடித்தேன். ஐந்து இலட்சம் ரூபா சம்பளமும் இலாபத்தில் பத்து வீதமும் தருவதாக வட்ஸ்அப்பில் மட்டுமே பேச்சு. இரண்டு இலட்சம் வந்தது. மீதி பொங்கலுக்கு முன் வரும் என்று குரல்பதிவு அனுப்பினார்கள், வரவில்லை. படம் ஓடியும் இலாபமே இல்லை என்கிறார்கள். மூலக் காட்சிகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

வைத்திருக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் படத்தின் பொருளாதார உரிமைகள் தயாரிப்பாளரையே சேரும். எனவே சம்பளம் கேட்டு நிற்கும் நீங்களே, நாளை அவர்களது பொருளை மறித்து வைத்தவராகப் பதில் சொல்ல நேரிடலாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

பத்து வீதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வயலைப் பங்குக்குச் செய்பவர், களத்தில் நெல் குவிந்திருக்கும்போதே பங்கை அளந்துகொள்வார். உழவுக்கூலி, உரம், வெட்டு மெசின் வாடகை, முதலாளியின் மோட்டார் சைக்கிள் எண்ணெய் என எல்லாவற்றையும் கழித்த பிறகு பார்ப்போம் என்று விட்டால், அவருக்குச் சாக்குதான் மிஞ்சும். உங்களுக்கு நடந்ததும் அதுவே. 1988 இல் வெளியாகிக் கோடிக்கணக்கில் டொலர் வசூலித்த ‘கமிங் டு அமெரிக்கா’வுக்கே நிகர இலாபம் இல்லை என்று பரமவுண்ட் நிறுவனம் வாதிட்டது, கதைக்கருவைக் கொடுத்த ஆர்ட் புக்வால்ட் தொடுத்த வழக்கில், அந்தக் கணக்கு முறையே நியாயமற்றது என 1990 இல் நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ முதற்படத்தின் வருமானக் கணக்குக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2005 இல் நியூ லைன் சினிமா மீது வழக்குத் தொடுத்தபோது, ஆவணங்களைக் கையளிக்கத் தவறிய நிறுவனத்துக்கு நீதிமன்றம் 125,000 டொலர் அபராதம் விதித்தது. 2007 இல்தான் இணக்கம் வந்தது. அவர்களுக்கே அந்தப் பாடென்றால், கணக்கைப் பார்க்கும் உரிமையை எழுதி வாங்காத உங்களுக்கு அந்தப் பத்து வீதம் கிடைப்பது கடினம். அடுத்த படத்தில் இலாபத்தை விட்டு, வசூலில் இரண்டு வீதமென்றாலும் எழுத்தில் கேளுங்கள்.

மூன்று இலட்சத்தின் நிலை வேறு. அது கடன், படம் ஓடாவிட்டாலும் தர வேண்டியது. மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தக் குரல்பதிவை ஒதுக்கிவிட 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இடமளிப்பதில்லை. கைபேசி பழுதாகுமுன் அதைப் படியெடுத்து வைத்து, தொகையையும் திகதியையும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், இத்தகைய தொகைகள் பொதுவாக முதலில் மத்தியஸ்த சபைக்கே போகும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகளும் வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டுகளும் வழக்குக்கான கால எல்லை. வட்ஸ்அப் பேச்சு எதில் சேரும் என்பதைச் சட்டத்தரணிகள் வாதாடட்டும். நீங்கள் 3 ஆண்டு என்றே கணக்கு வைத்து, கடிதத்தை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.