முதலிடத்தை விட்டு ஃப்ளோரிடாவுக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் நியூயார்க்கில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. முன்னணி ஜாக்கிகள் ஃப்ளோரிடாவுக்குச் சென்றுவிடும் குளிர்காலத்தில் இங்குள்ள அக்விடக்ட் பந்தய மைதானத்தில் அவருக்கே அதிக வெற்றிகள் கிடைக்கின்றன. வரும் டிசம்பரில் ஃப்ளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க் மைதானத்துக்குச் சென்று பெரிய ஜாக்கிகளோடு மோத விரும்புகிறார். வருமானம் சரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. மொத்தப் பரிசு 80,000 டாலர் கொண்ட ஒரு பந்தயத்தில் முதலிடத்துக்கு 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 44,000 டாலரில் பத்தில் ஒரு பங்காக உங்கள் கணவருக்கு 4,400 டாலர் வரும். ஓட்டக் குதிரைகளைப் பேசி ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்டுக்கு 25 சதவீதமும், சேணத்தைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளருக்கு 5 சதவீதமும் போக, வரிக்கு முன் 3,080 டாலர் மிஞ்சும். அதே குதிரை மயிரிழையில் இரண்டாவதாக வந்தால், அந்த இடத்துக்கான 16,000 டாலரில் அவருக்கு 5 சதவீதம்தான்; கைக்கு வருவது 560 டாலர். இராத் ஓர்டிஸ் ஜூனியர் போன்ற முன்னணி ஜாக்கிகள் ஓட்டும் மைதானத்தில் வெல்லக்கூடிய குதிரைகள் முதலில் அவர்களுக்கே போகும் என்பதால், முதல் குளிர்காலத்தில் வருமானம் நிச்சயமாகக் குறையும்.

ஆனாலும், அவர் போகலாம் என்றே நான் நினைக்கிறேன். டாட் பிளெட்சர் போன்ற பயிற்சியாளர்கள், மூன்று வயதுக் குதிரைகளுக்கான மிகப் பெரிய பந்தயமான கென்டகி டெர்பிக்குத் தகுதியான மூன்று வயதுக் குதிரைகளை அந்த மாதங்களில் ஃப்ளோரிடாவில்தான் தயார் செய்கிறார்கள். விடியற்காலைப் பயிற்சியில் தினமும் கண்ணில் படும் ஜாக்கிக்கே அவற்றின் மீது ஏறும் வாய்ப்பு அதிகம். டெர்பியின் மொத்தப் பரிசு 2024 முதல் 50 லட்சம் டாலர். முதலிடத்துக்கு 31 லட்சம், அதில் ஜாக்கிக்கு 3,10,000 டாலர். மேலே கணக்கிட்டது போன்ற எழுபது வெற்றிகளுக்கு அது சமம். அக்விடக்டிலும் ஏப்ரலில் டெர்பிக்கு முன்னோட்டமான வுட் மெமோரியல் பந்தயம் உண்டுதான். ஆனால் அதற்கு வரும் நல்ல குதிரையோடு அதன் வழக்கமான ஜாக்கியும் வந்து இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

புறப்படுமுன், ஒரு பயிற்சியாளராவது தொடர்ந்து குதிரை தருவதாக உங்கள் கணவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஏஜென்ட்டின் நம்பிக்கையை மட்டும் வைத்து இடம் மாறாதீர்கள். ஜாக்கிக்கு மாதச் சம்பளம் கிடையாது, விழுந்து அடிபட்டால் வரவு அன்றே நின்றுவிடும். ஆகையால் எட்டு மாதக் குடும்பச் செலவு வங்கியில் இருக்கட்டும். ஜனவரி 15 அன்று கட்ட வேண்டிய மத்திய வருமான வரித் தவணையையும் இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை என்று பலர் ஆசை காட்டுவார்கள். உங்கள் நிரந்தர வீடு நியூயார்க்கில் இருக்கும்வரை அங்கு ஈட்டுவதற்கும் நியூயார்க் வரி உண்டு, அந்தச் சேமிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிப்ரவரி இறுதியில் இருவரும் உட்கார்ந்து, எந்தெந்தப் பயிற்சியாளர்கள் அவரை மறுபடியும் அழைத்தார்கள் என்று பெயர் எழுதிப் பாருங்கள். இரண்டு பெயர்கூட வரவில்லையென்றால் மார்ச்சிலேயே அக்விடக்டுக்குத் திரும்பிவிடலாம். அதற்கு வழி இருக்க வேண்டுமானால், இப்போது குதிரை தரும் நியூயார்க் பயிற்சியாளர்களிடம் அவர் முன்கூட்டியே முறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.