“ஆர்.சி. உங்க பேர்லயே இருக்கட்டும், அத்தான்”

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறேன். 2021-ல் வாங்கிய கார், நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது மூன்றடைப்பு பக்கம் சென்டர் மீடியனில் மோதிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிப்பேருக்கு 3,90,000 எஸ்டிமேட். ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 4,60,000. இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ (வண்டி முழு நஷ்டம்) என்று சொல்லிவிட்டது. மதுரை வியாபாரி ஒருவர் நொறுங்கிய வண்டியை ஆர்.சி.யோடு என்றால் 1,10,000, ஆர்.சி. ரத்து செய்தால் 70,000 என்று கேட்கிறார். என் மச்சினனோ, “60,000 தவணையில் தருகிறேன், பேட்டையில் தெரிந்த பட்டறையில் சரி செய்து ஓட்டிக்கொள்கிறேன், ஆர்.சி. உங்க பேர்லயே இருக்கட்டும், அத்தான்” என்கிறான். அத்தையும் அதையே சொல்கிறார்கள். கார் கடன் 2,70,000 பாக்கி. புது வண்டிக்கு பேங்க் ஆப்பில் 5 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டியில் காட்டுகிறது. மச்சினன் கடைக்காக என் வீட்டம்மா நகையை 1,40,000 ரூபாய்க்கு அடகு வைத்திருக்கிறேன். அவனுக்குக் கொடுத்த பழைய பைக்கும் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. காரை யாருக்குக் கொடுக்கலாம்?

பதில்: அண்ணாச்சி, நீங்கள் கேட்டது காரைப் பற்றி. எனக்கு உறுத்துவது கடைசியில் எழுதிய பைக். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தப் பதிலில் பாதி தேவைப்பட்டிருக்காது.

முதலில் கணக்கு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். உங்களுக்கு அந்த எல்லை 3,45,000. எஸ்டிமேட் தாண்டிவிட்டது, சண்டை போட ஒன்றுமில்லை. 4,60,000-இல் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போனால் 4,59,000. நொறுங்கிய வண்டிக்கு என்ன விலை வைக்கிறார்களோ அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி தரும். கழித்த தொகை வியாபாரியிடமிருந்து வந்துவிடும். ஆர்.சி.யோடு என்றால் 3,49,000-மும் 1,10,000-மும். ரத்து செய்தால் 3,89,000-மும் 70,000-மும். கூட்டிப் பாருங்கள், இரண்டும் 4,59,000தான். ஆர்.சி.யை ரத்து செய்வதால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அந்த 40,000 வித்தியாசம் கம்பெனியின் தலையில் விழுகிறது. அதனால் அவர்கள் “ஆர்.சி.யோடயே கொடுத்துடுங்க சார்” என்று இழுத்துப் பார்ப்பார்கள். ‘ரத்து செய்துதான் தருவேன், அதற்கேற்ப விலை வையுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த 40,000 எதற்குத் தெரியுமா? இரும்பு அதே இரும்புதான். கூடுதல் விலை, உங்கள் பேர் போட்ட காகிதத்துக்கும் சேஸிஸ் நம்பருக்கும். அதே மாடல் திருட்டு வண்டியில் அந்த நம்பரை அடித்து ஓட விடுவது இந்த வியாபாரத்தில் பழைய வித்தை. மதுரை வியாபாரி அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. அவர் விற்ற பிறகு அது யார் யாரிடம் போகும் என்பது அவர் கையிலும் இல்லை.

இப்போது மச்சினன். கம்பெனி 1,10,000 கழித்த வண்டியை 60,000-க்குக் கொடுத்தால் அன்றைக்கே 50,000 போச்சு. தவணை வருமா என்பதை அவர் கடைக்காக அடகில் கிடக்கும் நகையிடம் கேளுங்கள். சரி, அது பணம், குடும்பத்துக்குள் போனதாக வைத்துக்கொள்ளலாம். இனி சொல்வதுதான் பெரிது. டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததோடு உங்கள் பாலிசி முடிந்துவிடும். மச்சினன் ஓட்டப்போவது இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. 3,90,000 ரிப்பேரை அவர் பட்டறையில் சல்லிசாக முடித்தால் எதை விட்டுவிட்டு முடிப்பார்கள்? ஏர்பேக் இருந்த இடத்தில் வெறும் மூடி மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டி யார் மேலாவது ஏறினால், நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் ஆர்.சி.யில் உள்ள பேருக்குத்தான் வரும். உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இன்சூரன்ஸ் இல்லை என்றால் அந்தப் பணம் அப்பளக் கடையிலிருந்துதான் போகும்.

அத்தை சொன்னார்கள் என்கிறீர்கள். அத்தைக்கு மோட்டார் வாகனச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. “கம்பெனி ஆர்.சி.யைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டான்” என்று சொல்லிவிடுங்கள். பழி கம்பெனி மேல் போகட்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். செட்டில்மென்ட் வரும் வரை தவணையை நிறுத்தாதீர்கள். கம்பெனி பணத்தில் 2,70,000 நேராக பேங்குக்குப் போய்விடும். பேங்கிடம் தடையின்மைச் சான்றும், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வாங்குங்கள். இனி நிரந்தரமாக ஓட்ட முடியாத வண்டி என்று ஆர்.டி.ஓ.வுக்கு 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம், பிரிவு 55. வியாபாரி பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு வண்டியைக் கொடுங்கள். டோட்டல் லாஸ் ஆன வண்டி என்பதை எழுதி, தேதி, நேரம், சேஸிஸ் நம்பர் போட்டு அவரிடம் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். ஃபாஸ்டேக்கை மூட மறக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியதுதானே என்று விட்டால் நாங்குநேரி டோலில் உங்கள் பணம் கழியும்.

கையில் நிற்பது 1,89,000. அதில் 1,40,000 கட்டி நகையை மீட்டுவிடுங்கள். வட்டி பாக்கி இருந்தால் அதுவும் போக நாற்பதாயிரம் சொச்சம் மிஞ்சும். அதை வைத்துப் புது கார் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஆப்பில் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும் அந்த 5 லட்சத்துக்கு ஐந்து வருடம் மாதம் சுமார் 11,600 கட்டுவீர்கள். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம். அவசரப்பட்டுப் பட்டனை அமுக்குகிறவர்களை நம்பித்தான் அந்த விளம்பரமே. உங்கள் ஊரில் ரயில் நிற்கிறது, திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் பஸ் ஓடுகிறது, சரக்குக்கு லோடு ஆட்டோ இருக்கிறது. அந்த 11,600-ஐ ஒரு வருடம் நீங்களே சேர்த்தால் 1,39,000 ஆகும். அதை முன்பணமாக வைத்துக் கார் கடனாகவே கேளுங்கள், பர்சனல் லோனைவிட வட்டி குறையும்.

அப்புறம் அந்த பைக். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் அன்றைக்கே மச்சினனையும் கூட்டிப் போய், படிவம் 29, 30 கொடுத்துப் பேர் மாற்றிவிடுங்கள். அதற்கு முன்பு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். “அடுத்த வாரம் பார்க்கலாம் அத்தான்” என்றால், பைக் சாவியை வாங்கி உங்கள் கல்லாவில் போட்டுக்கொண்டு பேசுங்கள். அடுத்த வாரம் சீக்கிரம் வந்துவிடும்.