மாடலிலிருந்து (மென்பொருளின் வடிவமைப்பை விவரிக்கும் கோப்புகள்) ஜாவா கோடு உருவாக்கும்போது, இன்னொரு காம்பொனென்டின் (மென்பொருளின் ஒரு பகுதி) பெயர் வரவேண்டிய இடத்தில் 'நல்' (null, அதாவது மதிப்பு இல்லை) வருவது ஏன்?

ஒரு காம்பொனென்ட் இன்னொன்றைப் பயன்படுத்தினால், மாடலில் அதற்குள் இருப்பது மற்றதன் முகவரி மட்டுமே. இதைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். நூலக அட்டையில் எழுதிய அலமாரி எண் போல. புத்தகம் இடம் மாறினாலும் அட்டை பழைய எண்ணையே சொல்லும்.

மாடல்களைக் கையாளும் கருவித்தொகுப்பான எக்லிப்ஸின் இ.எம்.எஃப்.-இல் (EMF), வேறு கோப்பில் உள்ள பொருளுக்கு முதலில் ப்ராக்ஸி என்ற காலியான பதிலிதான் கிடைக்கும். கேட்கும்போதுதான் அந்தக் கோப்பு திறக்கும். கோப்பின் பெயரோ பாதையோ மாறியிருந்தால் பதிலி பதிலியாகவே நின்றுவிடும். அதனிடம் பெயர் கேட்டால் 'நல்'. கோடு எழுதப் பயன்படும் அச்சான டெம்ப்ளேட் சில சமயம் அதை அப்படியே ஜாவாவில் எழுதிவிடும்.

இதாவது கண்ணில் படும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: காம்பொனென்டுக்கு ஐடி (தனி அடையாளம்) தராவிட்டால் முகவரி வரிசை எண்ணாகச் சேமிக்கப்படும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் '3' என்றால் நான்காவது காம்பொனென்ட். காம்பொனென்டுகள் உள்ள கோப்பை மட்டும் தனியாகத் திறந்து யாராவது மேலே ஒன்றைச் செருகினால், பழைய ரெஃபரன்ஸ் சத்தமே இல்லாமல் தவறான காம்பொனென்டோடு இணைந்துவிடும். அதனால் மாறாத ஐடி கொடுத்துவிடுங்கள்.

பலர் நினைப்பதுபோல இது ஜாவா கோடின் பிழை அல்ல. அங்கே திருத்தினால், கோடை உருவாக்கும் ஜெனரேட்டர் அடுத்த முறை ஓடும்போது பெரும்பாலும் அழிந்துவிடும், மாடலில்தான் திருத்த வேண்டும்.