எம்.காம் முடித்த பிறகு எம்.காம் சி.ஏ.வும் படிப்பது பயன் தருமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். அதையே செய்தவள் என்பதால் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கும் சரியான வேலை அமைந்திருக்காது, வீட்டில் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதனால்தான் இந்த யோசனை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2013இல் கோவையில் எம்.காம் முடித்தேன். அப்புறம் மூன்று வருடம் திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டேலி சாஃப்ட்வேரில் கணக்கு என்ட்ரி, அப்போதிருந்த விற்பனை வரியான வாட்டுக்கு ரிட்டர்ன். சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. இன்னொரு டிகிரி இருந்தால் பெரிய கம்பெனியில் எடுப்பார்கள் என்று நம்பி 2016இல் எம்.காம் சி.ஏ. சேர்ந்தேன். அப்பா ஏலச்சீட்டை எடுத்து ஃபீஸ் கட்டினார். அந்த சி.ஏ. வெறும் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்தான், ஆனால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நான் ஆடிட்டருக்குப் படிக்கிறேன் என்றே நினைத்தார்கள். காஸ்டிங், டாக்ஸ், ரிசர்ச் மெத்தடாலஜி என்று பாதிப் பேப்பர் ஏற்கெனவே படித்தவை. சுலபமாக மார்க் வந்தது, முன்னேறுகிறேன் என்று நம்பிவிட்டேன்.

2018இல் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இன்டர்வியூ. மேனேஜர் ஒரு தாளை நீட்டி, "எல்யுடி கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி பண்றோம், இன்புட் டாக்ஸில் எவ்வளவு ரீஃபண்ட் வரும்னு போடும்மா" என்றார். எல்யுடி என்பது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம், இன்புட் டாக்ஸ் என்பது பொருள் வாங்கும்போது கம்பெனி கட்டிய வரி. மொத்த விற்பனையில் ஏற்றுமதி எத்தனை பங்கோ, இன்புட் டாக்ஸில் அத்தனை பங்கு, அடிப்படை அவ்வளவுதான். எனக்குத் தெரியவில்லை. நான் கிளாஸில் உட்கார்ந்திருந்தபோதுதான், 2017 ஜூலையில், வாட் போய் ஜிஎஸ்டி வந்தது. ஆடிட்டர் ஆபீஸில் என் நாற்காலிக்கு வந்த பி.காம் பெண் அந்த ஒரு வருடமும் தினமும் அதையே செய்து கற்றுக்கொண்டாள். அந்த வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த ஆபீஸ் மேல்தான் இன்னும் ஆறவில்லை. மூன்று வருடம் வேலை பார்த்ததற்கு ஒரு அனுபவச் சான்றிதழ் கேட்டு நான்கு முறை போனேன், தரவே இல்லை. சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்ததால் பேஸ்லிப்பும் கிடையாது, பேங்க்கில் வரவும் கிடையாது. ஆடிட்டர் ஆவதற்காகப் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் பையன்களுக்காவது ஆடிட்டர்களின் இன்ஸ்டிட்யூட் விதி என்று ஒன்று இருக்கிறது. எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்கு யார் இருக்கிறார்கள்? மார்ச் மாதம் இரவு பத்து மணி வரை உட்கார்ந்த கணக்கெல்லாம் எங்கே போயிற்று?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் சிஎம்ஏ, அதாவது காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு சேர்ந்தேன். டிகிரி இருந்ததால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேவைப்படவில்லை, நேராக அடுத்த கட்டமான இன்டர். நான்கு பேப்பர் சேர்ந்தது ஒரு குரூப். ஒவ்வொரு பேப்பரிலும் 40 வாங்க வேண்டும், அதோடு குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வர வேண்டும். முதல் தடவை நான்கு பேப்பரிலும் நாற்பதைத் தாண்டியும் மொத்தம் 400க்கு 193. ஏழு மார்க்கில் குரூப் போனது. இரண்டு எம்.காமிலும் இப்படி யாரும் என்னை நிறுத்தி வைத்ததில்லை. 2023இல்தான் ஃபைனல் முடிந்தது. இன்று ஒரு ஸ்பின்னிங் மில்லில் 40ஆம் கவுண்ட் (கவுண்ட் என்றால் நூல் எவ்வளவு மெல்லியது என்ற அளவு) நூல் கிலோவுக்குப் பஞ்சு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, வேஸ்ட்டில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

படிப்பையே மட்டம் தட்டுகிறாள் என்று யாரும் வர வேண்டாம், முதல் எம்.காம் எனக்கு நிறையக் கொடுத்தது. சிஎம்ஏ டிகிரி ஆகுமா என்று கேட்பவர்களுக்கு, 2021லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, சி.ஏ. (இது ஆடிட்டர் படிப்பு), சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி), சிஎம்ஏ மூன்றையும் முதுகலைக்கு இணையாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்க ஆடிட்டர் தகுதியான சிபிஏவுக்கு 150 கிரெடிட் (படிப்பு அளவு) சேர்க்கத்தான் இன்னொரு எம்.காம் என்று யோசித்தால், பி.காமும் எம்.காமும் சேர்ந்தே பலருக்கு அது வந்துவிடுகிறது, நம் டிகிரிக்கு அங்கே எத்தனை கிரெடிட் என்று முதலில் இவால்யுவேஷன் போட்டுப் பாருங்கள்.

நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று உண்டு. காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 50. முதல் எம்.காமில் அது குறைந்துபோய், கற்பிப்பதில்தான் மனசு இருக்கிறது என்றால் இரண்டாவது படிப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் சதவீதம் எவ்வளவு என்று கேள்வியில் சொல்லவில்லை. கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.