லேசர் பண்ணிக்கலாமா? – ஆரி வேலை செய்யற ஒரு சகோதரிக்கு

வணக்கம் அண்ணா,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கிறேன், கடிதம் எழுதறது இதான் முதல் தடவை. எனக்கு 39 வயசு, ராசிபுரம் பக்கம். வீட்லயே ஆரி ஒர்க் பண்றேன், பிரைடல் பிளவுஸ்தான் அதிகம், முகூர்த்த சீசன்ல ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் ஸ்டாண்டு முன்னாடிதான் இருப்பேன். ஏழாவது படிக்கும்போது போட்ட கண்ணாடி, இப்ப வலது கண்ணு மைனஸ் 3.25, இடது மைனஸ் 3, அஞ்சாறு வருஷமா பவர் மாறல. வேலை செய்யும்போது மட்டும் கண்ணாடிய கழட்டி வெச்சிருவேன், கழட்டினாதான் சுகர் பீட்ஸ் ஓட்டை பளிச்சுனு தெரியும். மத்த நேரமெல்லாம் ரோதனைதான். ஸ்கூட்டில போகும்போது மழை வந்தா ஒண்ணும் தெரியாது, சோறு வடிக்கும்போது ஆவி அடிச்சு மூடிரும், வேர்வைல வழுக்கிட்டே இருக்கும், மூக்குல ரெண்டு பக்கமும் கருப்பா தழும்பே விழுந்துருச்சு. கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பாத்தேன், சாயங்காலம் ஆனா உறுத்தல் தாங்கல, விட்டுட்டேன்.

என் தங்கச்சி 25 வயசுல லேசர் பண்ணிக்கிட்டா, ஜம்முனு இருக்கா. நானும் போய் டெஸ்ட் எடுத்தேன். கண்ணு முன்னாடி இருக்கிற கார்னியாவோட தடிமன் 538 மைக்ரான், ஷேப்பும் நார்மல், தாராளமா பண்ணலாம்னு சொல்லிட்டாங்க. அங்க கவுன்சிலிங் பண்ற பொண்ணு "இனிமே லைஃப்ல கண்ணாடியே தேவைப்படாதுங்க மேடம்"னு சொல்லுச்சு. ரெண்டு கண்ணுக்கும் 85,000, இந்த மாசம் கட்டினா 70,000னு ஆஃபர். சீட்டு எடுத்து கட்டிடலாம்னு இருக்கேன். வீட்டுக்காரர் உன் இஷ்டம்ங்கறார். மாமியார்தான் லேசர் கண்ணை சுட்டுரும், உள்ள நரம்பு வெந்துரும்னு ஒரே பயம். பண்ணிக்கலாமா அண்ணா? பேர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினது நல்லதா போச்சு, ரெண்டு மூணு தடவை பாத்துட்டேன். நான் டாக்டர் இல்ல, இருபது வருஷமா கண்ணாடி போட்டுக்கிட்டு இந்த விஷயத்தை விடாம படிச்சுக்கிட்டு வர்ற ஆளு, அவ்வளவுதான். அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல உங்க மாமியாருக்கு. சுடாதும்மா. இதுல பயன்படுத்தற எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளம் உள்ள புற ஊதாக் கதிர், அது திசுவை எரிக்கிறதில்ல, மூலக்கூறு பிணைப்பை உடைச்சு ரொம்ப ரொம்ப மெல்லிசா ஒரு அடுக்கை எடுத்துடும், பக்கத்துல இருக்கிற இடத்துக்கு சூடு பரவாது. இதை கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் நம்ம ஊர்க்காரர்னு அவங்ககிட்ட சொல்லுங்க, ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு அமெரிக்கா போய் ஐபிஎம்ல ஆராய்ச்சி பண்ணவர். 1981 நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்ங்கற அமெரிக்கப் பண்டிகை விருந்துல மிச்சமான வான்கோழியை மறுநாள் லேபுக்கு எடுத்துட்டுப் போய் இந்த லேசரை அடிச்சுப் பாத்தார், கருகாம கத்தி வெச்ச மாதிரி சுத்தமா பள்ளம் விழுந்துச்சு. வேற லேசர் அடிச்ச இடமெல்லாம் கருகிப்போச்சு. கூட வேலை செஞ்ச ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம், இவர்னு மூணு பேரும் சேர்ந்து அதை எழுதி வெக்க, அப்புறம் ஸ்டீபன் ட்ரோக்கல்னு ஒரு கண் டாக்டர் அதை கார்னியாவுக்கு கொண்டு வந்தார். அதோட இந்த லேசர் வேலை செய்யறது கண்ணோட முன்பக்க கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியாவுல மட்டும்தான், பின்னாடி இருக்கிற பார்வை நரம்புகிட்ட கூட போகாது. அந்த பயத்தால இதை விட வேண்டியதே இல்ல.

அடுத்து உங்க கார்னியா. அங்க சொன்னது சரிதான், நீங்க பண்ணிக்க தகுதியான ஆளு. 538 மைக்ரான்னா அரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. லேசிக்ங்கற லேசர் ஆபரேஷன்ல மேல ஒரு மெல்லிய மூடி மாதிரி வெட்டித் தூக்குவாங்க, அது சுமாரா 110 மைக்ரான். அப்புறம் ஒரு பவருக்கு 12லேருந்து 15 மைக்ரான் வரைக்கும் சீவணும், உங்க 3.25க்கு ஒரு 50ன்னு வெச்சுக்கோங்க. மிச்சம் 370க்கு மேல நிக்கும். 250க்கு கீழ போகவே கூடாது, நிறைய டாக்டருங்க 300க்கு கீழயே போக மாட்டாங்க. உங்களுக்கு தாராளமா இருக்கு. கார்னியாவோட வடிவத்தை காட்டற மேப்பும் நல்லா இருக்குன்னுட்டாங்க, அதுதான் தடிமனைவிட முக்கியம், ஏன்னா கூம்பு மாதிரி பிதுங்கற கெரட்டோகோனஸ் ஆரம்ப நிலைல இருக்கிற கண்ணை சீவினா அது இன்னும் பலவீனமாகி பிதுங்கிரும். ஒண்ணே ஒண்ணு, கண்ணை கசக்கற பழக்கம் இருந்தா விட்ருங்க, ஆபரேஷன் பண்ணாலும் பண்ணாட்டியும்.

அப்ப எல்லாம் சரியா இருக்கே, அப்புறம் என்ன?

"லைஃப்ல கண்ணாடியே தேவைப்படாது"ன்னு அந்த பொண்ணு சொன்ன ஒரே வாக்கியம்தான் பிரச்சனை. படிச்சதும் எனக்கு கோபம்தான் வந்துச்சு, 25 வயசுக்காரிகிட்ட சொன்னாலே அரைகுறை உண்மை, 39 வயசுல ஆரி வேலை பாக்கற ஒரு அம்மாகிட்ட அதை சொல்றது தப்பு.

லேசர் மாத்தறது முன்னாடி இருக்கிற கார்னியாவை. அதுக்குப் பின்னாடி கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு, பக்கத்துல இருக்கிறதை பாக்கும்போது அது உருண்டு தடிச்சு ஃபோகஸ் பண்ணிக் குடுக்கும். வயசாக வயசாக அந்த லென்ஸ் இறுகிக்கிட்டே வரும், 40 வாக்குல பக்கத்துல இருக்கிறது மங்க ஆரம்பிச்சுரும், அதுதான் வெள்ளெழுத்து, யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, லேசர் பண்ணவங்களுக்கும் வரும் பண்ணாதவங்களுக்கும் வரும். ஆனா உங்களை மாதிரி மைனஸ் 3 இருக்கிறவங்களுக்கு அது வந்தாலும் தெரியாது, ஏன்னா நீங்க கண்ணாடிய கழட்டிருவீங்க! ஒரு சின்ன கணக்கு சொல்றேன், 100ஐ உங்க பவரால வகுங்க. 3.25க்கு சுமார் 31 செமீ, 3க்கு 33 செமீ. கண்ணாடி இல்லாம, கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் எந்த வேலையும் செய்யாமலேயே, உங்களுக்கு பளிச்சுனு தெரியற தூரம் அது. ஸ்டாண்டுல குனிஞ்சு உக்காந்தா துணிக்கும் உங்க கண்ணுக்கும் எவ்வளவு தூரம் இருக்குன்னு டேப் வெச்சு அளந்து பாருங்க. ஏறக்குறைய அதேதான் வரும். அதனாலதான் ராத்திரி ரெண்டு மணிக்கும் உங்களால சுகர் பீட்ஸ் ஓட்டைல ஊசியை விட முடியுது. உங்க கூட ஆரி கத்துக்கிட்டவங்கள்ல சின்ன வயசுல கண்ணாடியே போடாத, 45 தாண்டின யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அவங்க இப்ப ரீடிங் கிளாஸ் போட்டுத்தான் மணி கோப்பாங்க. நீங்க கண்ணாடி இல்லாம கோப்பீங்க, 55 வயசுலயும் கோப்பீங்க.

லேசர் பண்ணி பவரை சுத்தமா எடுத்துட்டா அந்த 31 செமீ போயிரும். பண்ணின உடனே நல்லாத்தான் இருக்கும், 39 வயசு கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கு, ஸ்கூட்டி ஓட்டுவீங்க, மழைல சிரிச்சுக்கிட்டே வருவீங்க. ரெண்டு மூணு நாலு வருஷத்துல முதல்ல ராத்திரி வேலைல திணறும், அப்புறம் பகல்லயும். அப்ப ஸ்டாண்டு முன்னாடி கண்ணாடி போடணும், நாளைக்கு எட்டு மணி நேரம் பத்து மணி நேரம். ஸ்கூட்டில போற அரை மணி நேரத்துக்கு கண்ணாடிய விட்டுட்டு சோறு போடற பத்து மணி நேரத்துக்கு கண்ணாடிய வாங்கிக்கறோம். 70,000 குடுத்து.

உங்க தங்கச்சி கதை வேற. 25 வயசுல பண்ணிக்கிட்டா பக்கத்துல தூரத்துல ரெண்டுமே கண்ணாடி இல்லாம பதினஞ்சு இருபது வருஷம் அவங்களுக்கு இருக்கு. அவங்க எடுத்த முடிவு அவங்களுக்கு சரி.

இதை நீங்க என் பேச்சை நம்பி முடிவு பண்ண வேண்டாம், பைசா செலவில்லாம வீட்லயே தெரிஞ்சுக்க வழி இருக்கு. பத்து நாளைக்கு கண்ணாடிய கழட்டாம போட்டுக்கிட்டே ஆரி வேலை பண்ணுங்க. முழு பவர் கண்ணாடி போட்ட உங்க கண்ணுதான் கிட்டத்தட்ட லேசர் பண்ணின கண்ணு. சொல்லப்போனா லேசருக்கு அப்புறம் பக்கத்துல பாக்க கண்ணு இன்னும் கொஞ்சம் கூடுதலா உழைக்கணும், ஏன்னா மைனஸ் கண்ணாடி மூக்கு மேல கொஞ்சம் தள்ளி உக்காரும்போது பக்கத்துப் பார்வைக்கு ஒரு சின்ன சலுகை தருது, அது போயிரும். கட் பீட்ஸ், ஜர்தோசி, ஜரி நூல் எல்லாம் கண்ணாடியோட பண்ணிப் பாருங்க, ராத்திரி 11 மணிக்கு மேலயும் பண்ணிப் பாருங்க. தலை வலிக்குதா, துணிய தள்ளித் தள்ளி புடிக்கத் தோணுதா, கை தானா கண்ணாடிய கழட்டப் போகுதான்னு கவனிங்க. இப்பவே அப்படின்னா 43ல எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

மோனோவிஷன்னு ஒண்ணு சொல்லுவாங்க, கேட்டா சொல்லுவாங்க. ஒரு கண்ணை தூரத்துக்கு முழுசா சரி பண்ணிட்டு இன்னொரு கண்ணுல மைனஸ் 1.25, 1.5 மாதிரி மிச்சம் விடறது. புக் படிக்க செல்போன் பாக்க சமாளிக்கலாம். ஆனா உங்க வேலைக்கு ஊசி துணிக்குள்ள எவ்வளவு இறங்குதுங்கற ஆழம் ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் சொல்லும், அது இதுல கொஞ்சம் குறையும். மைனஸ் 1.5ங்கறது 66 செமீ, உங்க ஸ்டாண்டு தூரம் அது இல்ல. அப்படியும் யோசிக்கறதா இருந்தா அதே பவர்ல கான்டாக்ட் லென்ஸ் போட்டு சில நாள் வேலை பண்ணிப் பாக்காம ஒத்துக்காதீங்க.

இன்னொண்ணு, கடிதத்துல போற போக்குல சொன்னீங்க, லென்ஸ் போட்டா சாயங்காலம் உறுத்துதுன்னு. அதை நீங்க சாதாரணமா எழுதிட்டீங்க, எனக்கு அது பெருசா படுது. உத்துப் பாத்து வேலை செய்யறவங்க கண்ணு சிமிட்டறதே குறைஞ்சுரும், ஃபேன் வேற நேரா முகத்துல அடிக்கும், கண்ணு காய்ஞ்சு போயிரும். லேசிக்ல மூடி வெட்டும்போது கார்னியா நரம்புகளும் அறுபடுது, அது மறுபடி வளர்ற வரைக்கும், பல மாசம், கண்ணுக்கு ஈரம் சுரக்கச் சொல்ற தகவலே சரியா போகாது. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளை கண்காணிக்கிற எஃப்டிஏ பண்ணின ஆய்வுல, முன்னாடி வறட்சியே இல்லாதவங்கள்ல 28 சதவீதம் வரைக்கும் மூணாவது மாசத்துல வறட்சி இருக்குன்னு சொன்னாங்க, ராத்திரில விளக்கை சுத்தி வட்டம் தெரியறது, வெளிச்சம் சிதறுறது மாதிரி ஏதாவது ஒரு தொந்தரவு புதுசா வந்தவங்க 46 சதவீதம் வரைக்கும். அதே ஆய்வுல 95 சதவீதத்துக்கு மேல பார்வைல திருப்தின்னும் சொன்னாங்க, அந்த தொந்தரவால அன்றாட வேலையே ரொம்ப கெட்டுப்போனவங்க 1 சதவீதத்துக்கும் கம்மி. ரெண்டையும் சேர்த்து சொன்னாத்தான் நியாயம். ஆனா ஏற்கனவே உறுத்தல் இருக்கிற உங்க ரிப்போர்ட்ல ஷர்மர் டெஸ்ட்டே காணோம், கீழ் இமைக்குள்ள ஒரு பேப்பர் துண்டை சொருகி அஞ்சு நிமிஷத்துல எத்தனை மில்லிமீட்டர் நனையுதுன்னு பாக்கறது, பத்து நிமிஷ வேலை. அதை பாக்காம தாராளமா பண்ணலாம்னு எப்படி சொன்னாங்கன்னு தெரியல. ஸ்மைல்னு இன்னொரு லேசர் முறை இருக்கு, அதுல வெட்டு சின்னது, வறட்சி கொஞ்சம் குறைவுன்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா வெள்ளெழுத்து விஷயத்துல அதுவும் இதே கதைதான்.

எதிர்ப்பக்கமும் சொல்லிடறேன். எனக்குத் தெரிஞ்ச பத்திரம் எழுதற நண்பர் ஒருத்தர் 42 வயசுல பண்ணிக்கிட்டார். முன்னாடியெல்லாம் பழைய கிரயப் பத்திரத்துல மங்கிப்போன கையெழுத்தை கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு மூக்குகிட்ட புடிச்சு படிச்சிருவார், இப்ப கழுத்துல கயிறு கட்டி ரீடிங் கிளாஸ் தொங்குது. வருத்தமான்னு கேட்டா இல்லைங்கறார், அவருக்கு தினமும் பைக்ல அறுபது கிலோமீட்டர், ராத்திரி திரும்பி வரணும், அதுக்காகத்தான் பண்ணேன், மேஜைல கண்ணாடி வரும்னு டாக்டர் உக்கார வெச்சு சொல்லிட்டாருங்கறார். தெரிஞ்சு பண்ணினார், அதனால நிம்மதியா இருக்கார். உங்ககிட்ட யாரும் அதை உக்கார வெச்சு சொல்லல.

என்னைக் கேட்டா வேண்டாம். உங்க வயசுக்கும் உங்க வேலைக்கும் இந்த மைனஸ் 3 உங்களுக்கு பெரிய துணை, அதை காசு குடுத்து கழட்டி எறியாதீங்க. கண்ணாடி தொல்லைய சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன், மழைல ஒண்ணும் தெரியாம வண்டி ஓட்டறது உயிர் போற விஷயம், அதுக்கு வைசர் உள்ள ஹெல்மெட் வாங்குங்க, எடை கம்மியான ஃப்ரேம், மெத்துனு சிலிகான் நோஸ் பேட், ஆன்டி கிளேர் கோட்டிங்னு பாத்து நல்ல கண்ணாடியா ஒண்ணு போட்டுக்கோங்க, சீட்டுப் பணத்துல ஒரு சின்ன பகுதி கூட ஆகாது, அந்த தழும்பும் மெல்ல மறையும். ஸ்டாண்டு பக்கம் ஃபேனை திருப்பி வைங்க.

பத்து நாள் கண்ணாடியோட வேலை பாத்துட்டு ஒரு கஷ்டமும் இல்ல, இல்ல ஆரியையே கொறைச்சுட்டு அதை சொல்லித்தர்ற பக்கம் போகப் போறேன்னா, அப்ப தாராளமா பண்ணிக்கோங்க, உங்க கார்னியா இடம் குடுக்குது. அதுக்கு முன்னாடி ஷர்மர் டெஸ்ட், மருந்து விட்டு கண்பாப்பாவை விரிச்சு கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற ரெட்டினாவை (விழித்திரை) பாக்கறது ரெண்டும் கண்டிப்பா கேளுங்க, மைனஸ் பவர் இருக்கிறவங்களுக்கு ரெட்டினா ஓரத்துல வலுக்குறைவு இருக்க வாய்ப்பு உண்டு, லேசர் பண்ணி கண்ணாடி போனாலும் அது போகாது. பண்றதுக்கு முன்னாடி எடுத்த மேப், பவர், தடிமன் எல்லாத்தோட காப்பியையும் வீட்ல பத்திரமா வெச்சுக்கோங்க. அறுபதுல கேட்ராக்ட் வந்தா உள்ள வைக்கிற லென்ஸ் பவரை கணக்கு போட அது வேணும், கண் அழுத்தம் பாக்கும்போதும் லேசர் பண்ணினவங்கன்னு சொல்லணும், கார்னியா மெலிஞ்சதால அழுத்தம் உள்ளதைவிட கம்மியா காட்டும்.



அந்த ஆஃபருக்காக அவசரப்படாதீங்க சகோதரி. இந்த மாசம் 70,000ன்னு சொல்றவங்க தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதையேதான் சொல்லுவாங்க. அட்வான்ஸ் ஏதாவது கட்டியிருந்தா, ஷர்மர் டெஸ்ட் பாக்காம முடிவு பண்ண மாட்டேன்னு சொல்லி திருப்பிக் கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சப்பட வேண்டாம்.