மூடியைப் பார்த்தாலே கணக்குத் தெரிய வேண்டும்: கணிதத் துணைப்பொருள் கேள்வி-பதில்

கேள்வி: ஆண்டு 2-இல் 24 மாணவர்கள். பத்தடிமானக் கட்டைகளை (ஒன்றுக்குச் சிறு கனசதுரம், பத்துக்குக் கோல், நூறுக்குத் தட்டு) கொடுத்து வாங்குவதற்குள் பாதிப் பாடம் போய்விடுகிறது. கட்டைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. (ஆசிரியை, செந்தூல், மலேசியா)

பதில்: ஒரே பெட்டியில் கொட்டி வைத்து அள்ளிக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். இருவருக்கு ஒரு டப்பா எனப் பிரியுங்கள். விடை 100-ஐத் தாண்டாத கூட்டலிலும் கழித்தலிலும் ஒரே நேரத்தில் 18 ஒன்றுகளுக்கு மேல் தேவைப்படாது. கூட்டலில் 9-உம் 9-உம். கழித்தலில் கையிலுள்ள 8-உடன் பத்தை உடைத்து எடுத்த 10. ஆகவே டப்பாவுக்கு 20 ஒன்றுகள், 10 பத்துக்கோல்கள், ஒரு நூறு தட்டு போதும். 12 டப்பாவுக்கு 240, 120, 12. விடை நூறைத் தாண்டினால் பக்கத்து மேசையின் டப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 99+99-க்குக்கூட 19 கோல்கள்தான் வேண்டும்.

திரும்ப வாங்கும்போது எண்ணாதீர்கள். மூடியின் உட்புறம் 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டம் வரையுங்கள். ஒன்றின் பக்கம் 1 செ.மீ. என்பதால் 20-உம் அதில் சரியாக அடங்கும். குறைந்தால் ஓட்டை தெரியும், பிள்ளைகளே மேசைக்கடியில் குனிந்து தேடுவார்கள். மணி அடிப்பதற்கு 4 நிமிடம் முன்பே இதைத் தொடங்குங்கள். டப்பாவில் எண் எழுதினால் போதும். கட்டைகளில் எழுதுவது வீண் வேலை.

கேள்வி: கட்டையைக் கண்டதும் கோபுரம் கட்டுகிறார்களே? (ஆயர் ஈத்தாம்)

பதில்: கட்டட்டும். புதுப்பொருள் வந்த முதல் நாள் 10 நிமிடம் விட்டுவிடுங்கள். மற்ற நாள்களில் செய்ய வேண்டியதை முழுதும் சொல்லி முடித்த பிறகே டப்பாவைக் கொடுங்கள். கட்டை கைக்கு வந்துவிட்டால் காது கேட்காது.

கேள்வி: மரக்கோல்களில் பூஞ்சை. கழுவலாமா? (ஜார்ஜ்டவுன்)

பதில்: ஊற வைத்தால் மரம் உப்பும், சாயம் உரியும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, பிறகு மூடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துளையில்லாத டப்பாவைவிடத் துணிப்பை மேல். பிளாஸ்டிக் கட்டைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை: வலைப்பையில் போட்டு, சோப்பு நீரில் அலசி, நிழலில் தொங்கவிடலாம்.

கேள்வி: விளையாட்டு நாணயத்தை வைத்துப் பணம் கற்பித்தால் 10 சென்னும் 20 சென்னும் குழம்புகின்றன. (செராஸ்)

பதில்: பொம்மை நாணயத்தின் நிறத்தைப் பாருங்கள். 2012-இல் வந்த வரிசையில் 5, 10 சென் வெள்ளி நிறம். 20, 50 சென் பொன் நிறம். பொம்மையில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான். மெய்யான நாணயமே வாங்கி வையுங்கள். ஒரு ரிங்கிட்டை நான்கு விதமாக அடுக்க 50 சென் 2, 20 சென் 5, 10 சென் 10, 5 சென் 20. ஆக 37 நாணயம், 4 ரிங்கிட். ஆறு குழுவுக்கு 24 ரிங்கிட்டில் முடியும். 2008 ஏப்ரல் முதல் கடைகளில் ரொக்கத் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்குவதால் 1 சென் வேண்டியதில்லை. நாணய டப்பாவை மட்டும் பூட்டி வையுங்கள்.