காவலுக்கும் தீயணைப்புக்கும் ஒரே வயர்லெஸ்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க உள்ளாட்சிகளின் வரவு செலவு பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, காவல் துறையும் தீயணைப்புத் துறையும் பொதுவாகப் பயன்படுத்தும் அவசரகால வயர்லெஸ் அமைப்புகளுக்கு ஆகும் செலவை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கே நிறையக் கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் ஓஹையோவில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் ஊர்க் காவல் துறையும் தீயணைப்புத் துறையும் சொந்த வயர்லெஸ் வைத்திருக்கின்றன. இப்போது பொது அமைப்பில் சேர வேண்டும் என்று கூடுதல் வரி கேட்கிறார்கள். இருப்பது நன்றாக வேலை செய்யும்போது எதற்காக மாற்ற வேண்டும்?

பதில்: ஊர் எல்லைக்குள் தொடங்கி ஊர் எல்லைக்குள்ளேயே முடிகிற சம்பவங்களுக்குச் சொந்த அமைப்பு போதும். பெரிய விபத்துகள் எல்லை பார்த்து நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் காவல் அமைப்புகள் மட்டுமே ஏறத்தாழ 18,000 உள்ளன. நகரம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு), பல்கலைக்கழகம், ரயில்வே என்று ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய காலத்தில், தனக்குக் கட்டுப்படியான விலையில் கருவிகளை வாங்கின. ஒருவரிடம் 150 மெகாஹெர்ட்ஸ் கருவி, பக்கத்து ஊரில் 450, அதற்கடுத்த ஊரில் 800 என்று அமைந்துவிட்டதால், ஒரே தெருவில் அருகருகே நிற்கும் இரண்டு அதிகாரிகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ள வழியில்லாத நிலை பல ஊர்களில் இருந்தது.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானம் பாலத்தில் மோதிப் பனி உறைந்த பொட்டாமக் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தபோதும், அதே மாலையில் அதே நகரில் மெட்ரோ ரயில் தடம் புரண்டபோதும், உதவிக்கு வந்த பல அமைப்புகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் திணறின. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இதே குறை இன்னும் கொடுமையாக வெளிப்பட்டது. உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் சரிந்த பிறகு, வடக்குக் கோபுரமும் நிற்காது என்று காவல் துறை ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை காவல் துறையின் அலைவரிசையில் சென்றது; அதைத் தீயணைப்புத் துறை கேட்பதற்கான இணைப்பு இருக்கவில்லை. அன்று இறந்த 343 தீயணைப்பு வீரர்களில் எல்லோருடைய மரணத்துக்கும் வயர்லெஸ்தான் காரணம் என்று சொல்வது மிகை. வெளியேறும் உத்தரவைக் கேட்டும் வெளியேற நேரமில்லாதவர்களும் சக வீரர்களை விட்டு வர மறுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனாலும் ஒரு துறைக்குத் தெரிந்தது மறு துறைக்குத் தெரியாமல் போனதை விசாரணைக் குழு தெளிவாகவே பதிவு செய்தது.

உங்கள் ஊர் வாக்களிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டறியுங்கள்: பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கு வரும் வண்டிகள் ஆண்டுக்கு எத்தனை, அவற்றோடு இப்போது எப்படிப் பேசுகிறார்கள்? கட்டுப்பாட்டு அறை வழியாகத் தகவலைக் கைமாற்றுகிறோம் என்பது பதிலானால், உங்கள் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

கேள்வி: எல்லோரும் ஒரே அமைப்பில் பேசினால் சத்தக்காடு ஆகிவிடாதா? திருடனைத் துரத்தும் காவலரின் பேச்சு தீயணைப்பு வீரரின் காதில் எதற்கு விழ வேண்டும்?

பதில்: விழாது. பழைய முறையில் ஒரு துறைக்கு ஓர் அலைவரிசை என்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருந்தது; அந்தத் துறை பேசாத நேரத்திலும் அது காலியாகவே கிடந்தது. டிரங்கிங் எனப்படும் இன்றைய முறையில் அலைவரிசைகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. வங்கியில் டோக்கன் வாங்கியவர் எந்தக் கவுண்டர் காலியோ அங்கே போவதைப் போல, காவலர் பொத்தானை அழுத்தியவுடன் கட்டுப்பாட்டுச் சேனல் வழியாகக் கணினிக்குக் கோரிக்கை சென்று, காலியாக உள்ள ஓர் அலைவரிசை அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது. யார் யார் அதைக் கேட்பார்கள் என்பதை முடிவு செய்வது டாக்குரூப் என்னும் பேச்சுக்குழு. கிழக்குச் சரகக் காவலர்கள் ஒரு குழு, மூன்றாம் நிலையத் தீயணைப்பு வண்டிகள் வேறொரு குழு. பெரிய சம்பவம் நடந்தால் இருவரும் முன்பே அமைத்து வைத்த ஒரு பொதுக் குழுவுக்குக் கருவியின் குமிழைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இவற்றுள் பெரும்பாலானவை பி25 என்ற தரத்தின்படி அமைந்தவை. பொதுப் பாதுகாப்புத் தகவல்தொடர்பு அதிகாரிகளின் சங்கம் 1989இல் தொடங்கிய முயற்சி இது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் வயர்லெஸ் கோபுரத்தோடு பேச வேண்டும் என்பது அதன் நோக்கம்.

கேள்வி: பொது அமைப்பு இருந்தும் ஃபுளோரிடாவில் பள்ளித் துப்பாக்கிச் சூட்டின்போது வயர்லெஸ் முடங்கியது என்று படித்தேன். அது எப்படி?

பதில்: 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாந்து நகரத்துப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட நிகழ்வை நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். அங்கே இரண்டு தனித்தனிக் குறைகள் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. முதலாவது, பள்ளிக்கு விரைந்த புரோவர்ட் கவுண்டியின் ஷெரிஃப் (கவுண்டிக் காவல் தலைவர்) துறையினரும் பக்கத்து ஊரான கோரல் ஸ்பிரிங்ஸ் காவலர்களும் வெவ்வேறு அமைப்புகளில் இருந்தார்கள்; இரண்டையும் இணைக்க அந்த நேரத்தில் செய்த முயற்சி பலிக்கவில்லை. இரண்டாவது, கவுண்டியின் பழைய அமைப்பு தாங்கக்கூடிய அளவைவிட மிகுதியான கருவிகள் ஒரே நேரத்தில் பேச முயன்றதால், அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளக் கோரிக்கைகளை மட்டுப்படுத்தத் தொடங்கியது. பொத்தானை அழுத்தியவர்களுக்குப் பேச வழி கிடைக்கவில்லை. அதிகாரிகள் ஆள் அனுப்பியும் கைச்சைகை காட்டியும் சமாளிக்க வேண்டியிருந்தது. ஓராண்டுக்கு முன், 2017 ஜனவரியில், ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத் துப்பாக்கிச் சூட்டின்போதும் அதே அமைப்பு இதேபோலத் தடுமாறியிருந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

கொள்ளளவு பற்றி வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் உண்டு. தொலைவிலிருந்து ஒரு காவலர் சம்பவ இடத்துக்கு வருகிறார். கருவியைப் பொதுக் குழுவுக்கு மாற்றாமல் தன் சொந்தச் சரகத்தின் குழுவிலேயே விட்டு வைத்திருக்கிறார். அவர் ஒருவர் கேட்பதற்காக, அந்தச் சரகத்தில் யார் பேசினாலும் சம்பவ இடத்துக் கோபுரத்திலும் ஓர் அலைவரிசை செலவாகிறது. இப்படி நாலு திசையிலிருந்து நாற்பது பேர் தாமாகவே வந்து குவிந்தால் எந்தக் கோபுரமும் திணறத்தான் செய்யும். புதிய கருவி வாங்குவதால் மட்டும் இது தீராது; அழைக்காமல் யாரும் செல்லக் கூடாது, சென்றால் எந்தக் குழுவுக்கு மாற வேண்டும் என்ற ஒழுங்கும் அதற்கான பயிற்சியும் வேண்டும்.

கேள்வி: கோபுரம் யாருடையது, பணம் யாருடையது, தகராறு வந்தால் தீர்ப்பது யார்? ஐந்து நகரங்களும் ஒரு ஷெரிஃபும் ஒரே பொருளைப் பங்கிட்டுக்கொண்டு சண்டையில்லாமல் இருக்க முடியுமா?

பதில்: சண்டை இல்லாமல் இருக்காது, சண்டை போடுவதற்கு முறையான ஓர் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது மினசோட்டா மாநிலத்தை. மினியாபொலிஸ், செயின்ட் பால் பெருநகரப் பகுதிக்காக 1995இலேயே சட்டமன்றம் ஒரு வயர்லெஸ் வாரியத்தை அமைத்தது. கருவிகள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வாரியம் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். பிறகு ஆர்மர் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவிய அந்த அமைப்பில், கோபுரங்களும் அவற்றை இணைக்கும் முதுகெலும்பும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் நிலமும் பராமரிப்பு ஆட்களும் வைத்திருக்கும் துறை அது என்பதால் அந்த ஏற்பாடு பொருத்தமானதே. 911 என்ற அவசர அழைப்பு எண்ணுக்காகத் தொலைபேசிக் கட்டணத்தோடு வசூலாகும் தொகை அந்த முதுகெலும்பைத் தாங்குகிறது. கையில் பிடிக்கும் கருவிகளையும் கட்டுப்பாட்டு அறை மேசைகளையும் உள்ளாட்சிகள் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

2007 ஆகஸ்ட் 1 மாலையில் மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ பாலம் மிசிசிப்பி ஆற்றுக்குள் இடிந்து விழுந்து 13 பேர் இறந்து 145 பேர் காயமடைந்தபோது, நகரக் காவலரும் தீயணைப்பு வீரரும் கவுண்டி ஷெரிஃபின் நீர் மீட்புக் குழுவும் ஆம்புலன்ஸ்களும் இந்தப் பொது அமைப்பில் பேசிக்கொண்டார்கள். முன்பே குழுக்கள் பிரித்து, பெயரிட்டு, பயிற்சியும் செய்திருந்ததால் மீட்பை ஒருங்கிணைக்க முடிந்தது. பயிற்சி இல்லாமல் கருவி மட்டும் இருந்திருந்தால் அந்த மாலை வேறு விதமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வாரியம் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை சலிப்பூட்டக்கூடியது. ஆனால் அமைப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. எந்தக் குழுவுக்கு என்ன பெயர், யார் யாருக்கு அதில் பேச அனுமதி, அவசரப் பொத்தானை அழுத்தினால் யாருக்கு முன்னுரிமை என்று வகுக்கும் அட்டவணையை வயர்லெஸ் துறையினர் ஃப்ளீட்மேப் என்பார்கள். அதில் ஒரே ஒரு குழுவைப் புதிதாகச் சேர்த்தாலும், அதைப் பயன்படுத்த வேண்டிய ஒவ்வொரு கருவியிலும் நிரலை மாற்றி ஏற்ற வேண்டும். சில ஆயிரம் டாலர் விலையுள்ள கருவிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் கவுண்டியில், ஒவ்வொன்றையும் பணிமனைக்கு வரவழைத்து ஏற்றுவது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. காற்றுவழியே நிரல் ஏற்றும் வசதிக்குத் தனி விலை. சிறு ஊர்கள் இந்த இடத்தில்தான் பின்தங்குகின்றன. பெரிய நகரத்தின் கருவிகளில் புதிய அட்டவணையும் சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் கருவிகளில் மூன்றாண்டுப் பழைய அட்டவணையும் இருந்தால், பெயரளவில் ஒரே அமைப்பில் இருந்தும் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பங்குத்தொகையைக் கருவி எண்ணிக்கையால் கணக்கிடுகிறார்களா, மக்கள்தொகையாலா, பயன்பாட்டு நேரத்தாலா என்று பாருங்கள். கருவி எண்ணிக்கையால் கணக்கிட்டால் சிற்றூர்கள் உதிரிக் கருவி வைத்துக்கொள்ளாமல் மிச்சம் பிடிக்கத் தொடங்கும்.

கேள்வி: என் கணவர் தீயணைப்பு வீரர். எரியும் கட்டடத்துக்குள் புதிய டிஜிட்டல் கருவியை நம்ப முடியாது என்கிறார். பழக்கத்தால் சொல்கிறாரா?

பதில்: இல்லை, அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. காவலர் பெரும்பாலும் திறந்த வெளியில் நிற்பவர். தீயணைப்பு வீரர் கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் உள்ளே, தரைத்தளத்துக்கும் கீழே ஊர்ந்து செல்பவர். கோபுரத்தின் அலை அங்கே எட்டாவிட்டால் டிரங்கிங் கருவி பேச அனுமதி வாங்கவே முடியாது. பழைய அனலாக் கருவியில் குரல் கரகரத்தாலும் ஓரளவு புரியும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை தெளிவாகக் கேட்டு, அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று அறுந்துவிடும். இன்னொரு சிக்கலும் இருந்தது. காற்றுக் குடுவை தீர்ந்துவருவதைச் சொல்லும் எச்சரிக்கை மணியும் இயந்திர ரம்பத்தின் ஓசையும் பின்னணியில் இருந்தால், பேச்சைச் சுருக்கி அனுப்பும் டிஜிட்டல் முறை குரலையே குழப்பிவிடுகிறது என்று தீயணைப்புத் தலைவர்களின் சங்கம் 2008இல் ஆராய்ந்து எச்சரித்தது. பிறகு வந்த கருவிகள் மேம்பட்டுள்ளன. ஆயினும் சம்பவ இடத்தில் கோபுரத்தை நம்பாமல் கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசும் சேனலையே வைத்துக்கொள்வது இன்றும் பல துறைகளின் வழக்கம். உங்கள் கவுண்டி அதை ஒழிக்கப் பார்த்தால் உங்கள் கணவர் எதிர்ப்பது சரியே.

கேள்வி: எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் இதெல்லாம் தேவையா?

பதில்: அந்த நோக்கில்தான் அமெரிக்காவில் 2012இல் சட்டம் இயற்றி ஃபர்ஸ்ட்நெட் என்ற தனி அகல அலைக்கற்றை வலையை உருவாக்கி, 2017இல் ஏடி அண்டு டி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். படம், வரைபடம், காணொளி ஆகியவற்றுக்கு அது அருமையானது. ஆனால் கோபுரம் விழுந்த பிறகும் பத்து பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வயர்லெஸ் கருவிக்கு முடியும். செல்போனுக்கு அது இன்னும் சரியாகக் கைவரவில்லை. பிரிட்டனில் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் பயன்படுத்தும் ஏர்வேவ் வயர்லெஸ்ஸைக் கைவிட்டுக் கைப்பேசி வலைக்கு மாறும் திட்டம், குறித்த காலத்தைப் பல ஆண்டுகள் தாண்டியும் முடியாமல் நிற்பதையும் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் உண்டா?

பதில்: வடிவம் வேறு. அங்கே காவல் துறை, தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை இரண்டும் மாநில அரசின் உள்துறையின் கீழ் வருகின்றன; நூற்றுக்கணக்கான ஊர்கள் தனித்தனியாகக் கருவி வாங்கும் நிலை இல்லை. எனவே கட்டளை ஓரிடத்திலிருந்து வர முடியும். அந்த வசதி அமெரிக்கக் கவுண்டிகளுக்கு இல்லாததால்தான் வாரியம், ஒப்பந்தம், வாக்கெடுப்பு என்று இத்தனை பாடு.

கேள்வி: நியூயார்க்கில் காவல் வயர்லெஸ்ஸை ஸ்கேனரில் கேட்டுவந்தேன். இப்போது வெளியார் கேட்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டார்கள். பொது அமைப்பு என்றால் இது கட்டாயமா?

பதில்: கட்டாயம் இல்லை, நியூயார்க் காவல் துறை 2023இல் தொடங்கியது அந்தத் துறையின் முடிவு. குற்றவாளியும் கேட்கிறான் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. செய்தியாளரும் தன்னார்வலரும் கேட்க முடியாமல் போவது இழப்பு என்பதும் உண்மை. நிர்வாகக் கோணத்தில் எனக்குப் பெரிதாகப் படும் கவலை வேறு. மறையாக்கத்துக்கான திறவுகோல் பக்கத்து ஊரின் கருவிகளில் ஏற்றப்படாவிட்டால், அல்லது ஒருவர் மாற்றியதை மற்றவர் மாற்றாமல் விட்டால், உதவிக்கு வந்த காவலருக்கும் தீயணைப்பு அதிகாரிக்கும் அந்தக் குழுவில் நடக்கும் பேச்சு கேட்காது. ஆகையால் துப்பறியும் பிரிவு போன்றவற்றை மறையாக்கிவிட்டு, பல துறைகள் கூடும் பொதுக் குழுக்களைத் திறந்தே வைப்பதுதான் என் பார்வையில் சரியான ஏற்பாடு.